ஒரு சாண் வலது

மாசாணம் சொன்னது ஒரே ஒரு குறை.

"முந்தியாட்ட நெலையா அடிக்கறதில்ல மாப்ள. ஒருக்கா படுது, ஒருக்கா எங்கியோ போயிருது. போன வாரம் ஒரு பன்னி காயத்தோட ஓடி, நம்ம நாயைக் கிழிச்சுப்போட்டுது."

மாசாணம் ஆல்வினின் அக்காள் அன்புக்கரசியைக் கட்டியவர். சத்தியமங்கலத்துக்கு வடக்கே, காடு தொடங்குகிற இடத்தில் மூன்று ஏக்கர் பூமியைக் குத்தகைக்கு எடுத்து மக்காச்சோளம் போட்டிருந்தார். கதிர் பால் பிடிக்கிற பருவத்தில் மலையிலிருந்து பன்றிகள் இறங்கும். ஒரு கூட்டம் புகுந்தால் விடிவதற்குள் அரை ஏக்கர் போய்விடும். அதற்காகத்தான் துப்பாக்கி. அவரே கட்டியது. எதைக் கொண்டு எப்படிக் கட்டினார் என்று ஆல்வின் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. லைசென்ஸ் கிடையாது. 1994ஆம் வருஷம் அது. மலையடிவாரம் முழுக்க அதிரடிப்படை ஜீப்புகள் புழுதி கிளப்பிக்கொண்டிருந்த காலம். நாட்டுத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பதும் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு படுப்பதும் ஒன்று.

"எனக்குத் துப்பாக்கி தெரியாதுங்க மாமா" என்றான் ஆல்வின்.

"லேத்து தெரியுமல்ல? ரெண்டும் இரும்புதான்."

"பாத்துக் குடு கண்ணு" என்றாள் அன்புக்கரசி. "மனுசன் விடிய விடிய முழிச்சிருந்துட்டு வெறுங்கையோட வாராரு."

ஆல்வினுக்கு இருபத்திரண்டு வயது. சிங்காநல்லூரில் பம்பு ஷாஃப்ட் கடையும் ஒரு பட்டறையில் அளவு பார்க்கிற வேலை. சாயங்காலம் பாலிடெக்னிக்கில் பகுதிநேர டிப்ளமோ, மூன்றாம் வருஷம். படுக்கப் போகுமுன் அன்றைக்குச் செய்ததையும் செய்யத் தவறியதையும் நோட்டில் எழுதி வைப்பான். தான் செய்த எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் அவனுக்கு நம்பிக்கை வராது. மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டுத்தான் தூங்குவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வேலையை முறையாகத்தான் தொடங்கினான். குறை ஆளிடமா, ஆயுதத்திலா? அதை முதலில் பிரிக்க வேண்டும். மாசாணத்தைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பாறை மேல் இரண்டு மண்மூட்டைகளை வைத்து அதற்கு நடுவில் துப்பாக்கியைப் பதித்தான். அங்கிருந்து தன் காலால் முப்பது தப்படி அளந்து, ஒரு மூங்கில் தட்டியில் காலண்டர் தாளை ஒட்டினான். மாசாணம் காவலுக்கு உட்காருகிற கல்லுக்கும் பன்றி நுழைகிற வேலிச் சந்துக்கும் நடுவே அவ்வளவுதான் தூரம். இருந்த மருந்து எட்டு வெடிக்குத்தான் வரும். ஒவ்வொன்றையும் எதற்குச் செலவு செய்வது என்று எழுதிக்கொண்டான்.

முதல் மூன்றும் சிதறின. ஒன்று தாளுக்கே வரவில்லை. துப்பாக்கியைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தான். மரமும் இரும்பும் சேருகிற இடம் ஆடியது. இறுக்கினான். அடுத்த இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. ஆனால் இரண்டும் குறியிலிருந்து சரியாக ஒரு சாண் இடது.

"பாத்தீங்களா மாமா, இன்னொரு குறையும் இருக்குது. எடப்பக்கம் இழுக்குது."

"அது எப்பவுமே அப்படித்தான்" என்றார் மாசாணம், பீடியைப் பற்ற வைத்துக்கொண்டே.

அந்தப் பதிலை ஆல்வின் காதில் வாங்கினான், எழுதவில்லை. குழல் நுனியில் இருந்த குறிமுள் கோணலாக இருந்தது. அதை நேராக்கினான். அடுத்த இரண்டு வெடியும் குறியிலேயே விழுந்தன. மீதி ஒன்று. மாசாணத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "தேதி மேல முள்ள வெச்சு மெல்ல அழுத்துங்க" என்றான். பரீட்சைக்கு உட்கார்ந்த பையனைப் போல அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சொன்னதைச் சொன்னபடி செய்தார். பதினேழாம் தேதி இருந்த இடத்தில் ஓட்டை.

"இனி பன்னிதான் சோசியரப் போயிப் பாக்கோணும்" என்றார்.

அன்புக்கரசி வாய்விட்டுச் சிரித்தாள். பஸ்ஸில் வரும்போது ஆல்வின் நோட்டில் எழுதினான்: குறை இரண்டு. இரண்டும் நீக்கப்பட்டன. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்யப்பட்டது. மறுபடி படித்துப் பார்த்தபோது அவனுக்கே தன் மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது. அது அபூர்வம்.

பத்தாம் நாள் காலை பட்டறைக்குப் போன் வந்தது.

"கண்ணு" என்றாள் அன்புக்கரசி. குரலில் அழுகை இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "உங்க மாமா அரங்கசாமியச் சுட்டுப்போட்டாரு."

அரங்கசாமி பக்கத்துப் பூமிக்காரர். விடியும் நேரம், ஆள் முகம் தெரிந்தும் தெரியாத வெளிச்சம். வேலிச் சந்தில் பன்றி தலையை நீட்டி நின்றதாகவும், அதைப் பார்த்துத்தான் சுட்டதாகவும் மாசாணம் சொன்னார். வேலிக்கு அப்பால், தன் சோளத்துக்குள் நின்றிருந்த அரங்கசாமியின் நெஞ்சில் குண்டு பாய்ந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வண்டி பிடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. போலீஸ் வருமுன் ஊர்ச்சனம் மொத்தமும் அந்தச் சந்தை மிதித்துவிட்டது. பன்றியின் கால்தடம் இருந்ததா இல்லையா என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இவ்வளவோடு போயிருந்தால் விபத்து. ஆனால் போன வருஷம் இரண்டு பேருக்கும் வண்டித்தடத்தில் தகராறு. டீக்கடை முன்னால் நின்று மாசாணம், "ஒரு நாளைக்குச் சுட்டுப்போடறனா இல்லியா பாரு" என்று சொன்னதை இருபது பேர் கேட்டிருந்தார்கள். கோபத்தில் ஊரில் எல்லாரும் சொல்கிற பேச்சுதான். வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கிறவன் சொன்னதுதான் தப்பாகிவிட்டது.

சாயங்காலம் அவள் மறுபடி பட்டறைக்குப் போன் செய்தாள். வக்கீல் அவளிடம் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்: கைதவறி நடந்ததென்று நிரூபணமானால் மூணு நாலு வருஷத்தில் வெளியே வரலாம், வேண்டுமென்றே சுட்டதென்று ஆனால் ஆயுள்.

"ஆருக்கும் உன்ற பேரு தெரியாது கண்ணு. துப்பாக்கிய ஆருடா ரிப்பேர் பண்ணுனதுன்னு அடிச்சுக் கேட்டிருக்கறாங்க. நானே எல்லாம்னு சொல்லிப்போட்டாரு."

ஆல்வினுக்கு முதலில் வந்தது நிம்மதி. அது வந்ததை அன்றைக்கே நோட்டில் எழுதினான், வெட்கத்தோடு. அடுத்து வந்தது பயம். நான் எதையாவது கெடுத்துவிட்டேனா? பழைய பக்கத்தைப் புரட்டினான். இரண்டு வெடி, குறியில். கடைசி வெடி, பதினேழாம் தேதியில். துப்பாக்கியில் குற்றமில்லை. குற்றமில்லாத துப்பாக்கி பிடித்த இடத்தில்தான் அடிக்கும். அது அரங்கசாமியை அடித்திருக்கிறதென்றால்...

நோட்டை மூடி வைத்தான். அன்று இரவு வகுப்பில் என்ன நடந்தது என்று அவனுக்கு ஞாபகமே இல்லை.

ஆறு நாள் அந்த நினைப்போடுதான் வேலைக்குப் போய் வந்தான். மாமா கொலைகாரர். அதற்கு ஆயுதத்தைத் தீட்டிக் கொடுத்தவன் தான். அக்காவிடம் போனில் பேசும்போது அவள் "வேணும்னே செய்வாரா கண்ணு, நீயே சொல்லு" என்பாள். அவன் "இல்லக்கா" என்பான். சொல்லிவிட்டு உடனே போனை வைத்துவிடுவான்.

பட்டறையில் மூன்றாம் நம்பர் லேத்து ரசாக்குடையது. ஐம்பது வயது, கோட்டைமேட்டுக்காரர், வாய் ஓயாது. அந்த லேத்தில் உளியைக் குறுக்கே நகர்த்துகிற நட்டு தேய்ந்து வருஷக்கணக்காக ஆட்டம் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமை முதலாளி புது நட்டு போட்டார். திங்கட்கிழமை காலை ரசாக் பன்னிரண்டு ஷாஃப்ட் கடைந்து வைத்தார். ஆல்வின் மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்தான். பன்னிரண்டும் அளவில் குறைவு. பன்னிரண்டும் ஒரே அளவுக்குக் குறைவு.

"இன்னொருக்கா பாரு தம்பி. உன்ற மைக்ரோமீட்டருக்கு நேத்து லீவு, இன்னும் தூக்கம் தெளியல" என்றார் ரசாக்.

மறுபடி பார்த்தான். குறைவுதான். முதலாளி வந்து ஒரு ஷாஃப்ட்டைக் கையில் எடுத்தார்.

"ஏனுங்க பாய், லேத்து சரியாயிருச்சுன்னு சனிக்கிழமையே சொன்னனுங்களே. இனி நீங்களா கூட்டிக் கொறைக்க வேண்டாம்னு சொன்னனா இல்லீங்களா?"

"சொன்னீங்க. எனக்குச் சொன்னீங்க. கைக்கு ஆரு சொன்னாங்க?" ரசாக் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எட்டு வருசமா இந்தக் கழுதை எவ்வளவு ஆடும்னு பாத்து இந்தக் கை கூடுதலா ஒரு இழுப்பு இழுக்கும். நான் அதக் கேக்கறதே இல்ல. காலைல மொத பீஸு உங்க முன்னாடி நெனச்சு நெனச்சுக் கடைஞ்சேன், கரெக்டா வந்துச்சு. நீங்க அந்தப் பக்கம் போனதும் பேசிட்டே கடைஞ்சேன். கை அதும்பாட்டுக்கு இழுத்துப்போட்டுது."

முதலாளி ஷாஃப்ட்டைச் சாமான் மேல் போட்டுவிட்டுப் போனார். ஆல்வின் மைக்ரோமீட்டரைத் துடைக்காமலே பெட்டிக்குள் வைத்தான். அப்படி அவன் ஒருநாளும் வைத்ததில்லை.

ஒரு சாண் இடப்பக்கம் இழுக்கிற துப்பாக்கியை வைத்துக்கொண்டு மாமா ஐந்து வருஷமாகப் பன்றி அடித்திருக்கிறார். எப்படி? அந்தக் கேள்வியை அவன் கேட்கவே இல்லை. அது எப்பவுமே அப்படித்தான் என்று அவர் சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும். இடது பக்கம் இழுக்கிறது என்று தெரிந்த கை ஒரு சாண் வலது பக்கம் பிடித்துத்தான் இத்தனை காலம் அடித்திருக்கிறது. அவருக்குக் குறை அதுவல்ல. புதிதாக வந்த ஆட்டம்தான் குறை. அதை மட்டும் இறுக்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறியிருந்தால் பன்றி செத்திருக்கும். பக்கத்தில் நின்று அவன் சொல்லச் சொல்லச் சுட்ட அந்த ஒரு வெடி நேராகப் போனது. விடிகாலையில், பன்றி தலை நீட்டிய நேரத்தில், யாரும் பக்கத்தில் இல்லை. கை தன்பாட்டுக்கு ஒரு சாண் வலது பக்கம் போயிருக்கிறது.

மத்தியானம் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டான். அரங்கசாமியின் உறவுக்காரர்கள் சோளக்காட்டில் இருந்ததால் அவன் போய் அளக்க முடியாது. அவளிடம் சொன்னான்: மாமா உட்காருகிற கல்லில் ஒரு குச்சி, வேலிச் சந்தில் ஒரு குச்சி. ஒரு கண்ணை மூடி இரண்டையும் நேராக்கிப் பார். அந்தக் கோடு அரங்கசாமி விழுந்த இடத்தில் எங்கே போகிறது? போலீஸ் போட்ட சுண்ணாம்புக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி? கல்லிலிருந்து அங்கே எத்தனை தப்படி?

"எதுக்குக் கண்ணு இதெல்லாம்?"

"பாத்துச் சொல்லுக்கா."

ஆடு மேய்க்கிற சாக்கில் அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தொண்ணூறு தப்படி. குச்சிக் கோட்டுக்கு வலது பக்கம் மூன்று சாண்.

முப்பது தப்படிக்கு ஒரு சாண் விலகினால் தொண்ணூறுக்கு மூன்று சாண். பள்ளிக்கூடத்து முக்கோணக் கணக்கு. ஆல்வின் அதை நாலு தடவை போட்டான். நாலு தடவையும் சரியாக வந்தது. மாமா கொலைகாரர் இல்லை. அந்தப் போன் வந்ததிலிருந்து முதல் தடவையாக அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டான்.

புதன்கிழமை ஆல்வினும் அக்காவும் கிளைச் சிறைக்குப் போனார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் மாசாணம் நின்றார். தாடி நரைத்திருந்தது. ஒரு காது வீங்கியிருந்தது. வார்டர் சற்றுத் தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"சோளம் என்னாச்சு?" என்றார் முதலில்.

"பாதி போச்சு" என்றாள் அன்புக்கரசி. "இப்ப ஆரு காவலுக்கு உக்காருறது?"

"பன்னிக்குத்தான் நல்ல காலம்."

ஆல்வின் சுற்றும் முற்றும் பார்த்தான். கம்பிக்கு உள்ளே மூலையில் விளக்குமாற்றுக் கட்டை சாய்த்து வைத்திருந்தது.

"மாமா, அந்தக் கட்டைய எடுத்துத் துப்பாக்கியாட்டப் புடிங்க. என்ற சட்டைப் பொத்தான்தான் குறி. என்னையப் பன்னின்னு நெனச்சுக்கங்க."

"படிச்ச புள்ளையப் பன்னின்னு நெனைக்கச் சொல்றயே" என்றார். ஆனால் எடுத்தார். தோளில் அணைத்து, ஒரு கண்ணை மூடினார். கட்டையின் நுனி ஆல்வினின் நெஞ்சுக்கு வந்தது. வந்து நிற்கவில்லை. மெல்ல வலது பக்கம் நகர்ந்து, அவன் கையைத் தாண்டி, ஒட்டி நின்ற அன்புக்கரசியின் தோளில் போய் நின்றது.

அவள் அசையவில்லை.

"பொத்தான் மேலயா புடிச்சிருக்கறீங்க?"

"ஆமா."

"நல்லாப் பாருங்க மாமா. நுனி எங்க இருக்குது?"

மாசாணம் மூடிய கண்ணைத் திறந்தார். கட்டையையும் மனைவியையும் பார்த்தார். "அது அப்படித்தான புடிக்கோணும்" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார்.

"ஏய், கட்டையக் கீழ போடு" என்றான் வார்டர் பேப்பருக்கு மேலாக.

கீழே போட்டார். பிறகு தாழ்ந்த குரலில், "பன்னி நின்னுது மாப்ள. சத்தியமா நின்னுது" என்றார்.

"எனக்குத் தெரியுமுங்க மாமா. போயி எல்லாத்தையும் எழுதிக் குடுத்தர்றேன்."

"வேண்டாம். உன்ற பேரு இதுல வந்தா பரீட்சை போச்சு, வேலை போச்சு. நான் செஞ்சது செஞ்சதுதான். அரங்கசாமி போயிட்டான். ஆரு கை எந்தப் பக்கம் போச்சுன்னா இப்ப என்ன?"

"ஆயுளுங்க மாமா."

மாசாணம் கட்டையை எடுத்து மூலையில் பழையபடி சாய்த்து வைத்தார். நேரம் முடிந்தது.

வக்கீலைக் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். அந்தப் புத்தி ஆல்வினுக்கு அப்போது வரவில்லை. நேராக ஸ்டேஷனுக்குப் போனான். அன்புக்கரசியை உள்ளே விடவில்லை, அவள் கேட்டுக்கு வெளியே நின்றாள். சப்-இன்ஸ்பெக்டர் அவன் சொன்னதைக் கால்வாசி கேட்டுவிட்டு வெள்ளைத் தாளைத் தள்ளினார். "எல்லாத்தையும் எழுதிக் குடு."

எழுதினான். தேதி வாரியாக, ஒன்றும் விடாமல். இரண்டரைப் பக்கம் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து ஒரே ஒரு வரிக்கு அடியில் கோடு போட்டார். 'சம்பவத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்பு மாசாணம் கேட்டுக்கொண்டபடி, துப்பாக்கி குறி தவறாமல் சுடுமாறு நான் சரிசெய்து கொடுத்தேன்.'

"அப்ப துப்பாக்கி நேராச் சுடும்னு நீயே சொல்ற."

"ஆமாங்க சார். ஆனா—"

"சரி பண்ணச் சொல்லி அவனே கேட்டிருக்கான்."

"பன்னிக்குங்க சார்."

"அது அவன் சொல்றது. பத்து நாள் முன்னாடியே ஆயுதத்த ரெடி பண்ணியிருக்கான். இது எங்களுக்குத் தெரியாம இருந்துச்சு. நீ வந்து சொன்னது நல்லதாப் போச்சு."

ஆல்வினுக்குக் காதுக்குள் லேத்து ஓடுவது போல் இருந்தது. "சார், கீழ படிங்க சார். கை வலது பக்கம் போறது பழக்கம். அவருகிட்ட ஒரு தடவ துப்பாக்கியப் புடிக்கச் சொல்லிப் பாருங்க, உங்களுக்கே தெரியும்."

"கொலைகாரன் கையில திருப்பியும் துப்பாக்கியக் குடுக்கச் சொல்றியா?" அவர் எழுந்தார். "நீயும் கேசுல ரெண்டாவது எதிரியா வருவ. லைசென்ஸ் இல்லாத ஆயுதம். பெஞ்சுல போய் உக்காரு."

அவர் வெளியே போனார். ஆல்வின் பெஞ்சில் உட்கார்ந்தான். மூலை மேஜையில் வயதான ஏட்டு ஒருவர் கட்டு கட்டாகத் தாளைத் தைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே ஆல்வினின் மனுவை எடுத்துப் படித்தார். படித்த பகுதியைத் திரும்பப் படித்தார்.

"நானும் காட்டுக்காரந்தான் தம்பி. எங்கப்பனுக்குக் கவணுல இதே பழக்கம். ஐயா படிக்காட்டியும் கோர்ட்டுல ஒருத்தன் படிப்பான். ஆனா இந்தத் தூரம் தப்பாயிருக்குதே."

"எது சார்?"

"தொண்ணூறு தப்படின்னு போட்டிருக்கற. டேப்பு புடிச்சது நானு. கல்லுல இருந்து பாடி கெடந்த எடத்துக்கு நூத்தம்பது அடி." சம்பவ இடத்து அளவெல்லாம் எழுதியிருந்த மகஜரைத் திருப்பிக் காட்டினார். "உன்ற தப்படி எவ்வளவு?"

ஆல்வின் எழுந்து நின்று ஒரு எட்டு வைத்தான். மேஜையிலிருந்த ஸ்கேலால் ஏட்டு அளந்தார். இரண்டரை அடி. நூற்றைம்பது அடி என்றால் அறுபது தப்படி. தொண்ணூறு அக்காவின் தப்படி. சேலை கட்டிக்கொண்டு உழவுக் காட்டில் நடந்த தப்படி. முப்பதைத் தன் காலால் அளந்தவன், தொண்ணூறை அவள் காலால் வாங்கிக் கணக்குப் போட்டிருக்கிறான். பட்டறையில் புதிதாக வந்த பையன்கூட இரண்டு ஸ்கேலை வைத்து ஒரு சாமானை அளக்க மாட்டான்.

அறுபதுக்கு இரண்டு சாண்தான். அரங்கசாமி நின்றது மூன்று சாணில்.

"ஏட்டையா, ஒரு நிமிசம் வெளிய போயிட்டு வாரனுங்க. எங்கியும் போயர மாட்டேன். அக்கா கேட்டுக்கிட்டத்தான் நிக்குது."

"இங்கிருந்து பாத்துட்டேதான் இருப்பேன். போ."

அன்புக்கரசி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்ன சொன்னாங்க கண்ணு?"

"கையக் காட்டுக்கா. சாண் புடி."

எதற்கென்று கேட்காமல் கம்பிக்கு நடுவே கையை நீட்டி விரித்தாள். அவன் தன் சாணை அதன் மேல் வைத்தான். கட்டைவிரலோடு கட்டைவிரல். சுண்டுவிரலில் அவளுடைய கை இரண்டு விரற்கடை குறைந்து நின்றது. அவன் சாண் பன்னிரண்டு விரல் என்றால் அவளுடையது பத்து. மூன்று சாண் என்று அவள் அளந்தது முப்பது விரல். மாமாவின் கைப்பழக்கம் காட்டுவது இரண்டு சாண், இருபத்துநாலு விரல்.

மிச்சம் ஆறு விரல்.

குச்சி நடும்போது அவள் கை அத்தனை பிசகியிருக்கலாம். அரங்கசாமி விழும்போது ஒரு அடி தடுமாறியிருக்கலாம். சந்தில் தலையை நீட்டிய பன்றி கொஞ்சம் தள்ளி நின்றிருக்கலாம். இல்லையென்றால், வெளிச்சம் வராத அந்த நேரத்தில், மாமாவின் கண் பன்றிக்குப் பின்னால் சோளத்துக்குள் வேறு எதையாவது பார்த்திருக்கலாம். ஆறு விரல்.

"அளவு சரியா வரலையா?" என்றாள் அன்புக்கரசி.

"கிட்டத்தட்ட வருதுக்கா. கொஞ்சம் மிச்சம் நிக்குது."

"அந்த மிச்சத்தையும் எழுதோணுமா?"

ஏட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது கேட்டது. "எழுதாட்டி ஆரும் கேக்கப் போறதில்ல தம்பி" என்றார். "தொண்ணூறுன்னு இருக்கறத அறுவதுன்னு திருத்து. மூணுங்கறத ரெண்டாக்கிரு. சுண்ணாம்புக் கோடு நேத்து மழையில போயிருச்சு."

ஆல்வின் உள்ளே போனான். மனுவை வாங்கி, தொண்ணூறை ஒரே கோட்டால் அடித்து மேலே அறுபது என்று எழுதினான். அடித்தது தெரிய வேண்டும் என்பதற்காக ஒரே கோடு. மூன்று சாணில் கை வைக்கவில்லை. அதற்கு அடியில், அளந்தது யார், யாருடைய சாண், அது எத்தனை விரல் என்று எழுதினான். எல்லாம் எழுதிய பிறகும் பேனா தாளில் நின்றுகொண்டிருந்தது. இதை எழுதினால் மாமாவுக்கு எதிராக ஆறு விரல். எழுதாவிட்டால் மீதி இரண்டரைப் பக்கத்தையும் அவனே நம்ப முடியாது. அவனே நம்பாததைக் கோர்ட்டில் எவன் நம்புவான்?

'மீதி ஆறு விரல் விலகலுக்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

ஏட்டு தாளை வாங்கிப் படித்தார். கட்டோடு சேர்த்து ஊசியை ஏற்றினார்.

ஜன்னல் வழியாக வாசல் கேட் தெரிந்தது. அன்புக்கரசி அவன் எழுதுவதையெல்லாம் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு எழுதினான், எங்கே நிறுத்தினான், மறுபடி எழுதினானா என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். கம்பிக்கு நடுவே நீட்டிய கையைத் தன் பக்கம் இழுத்து, முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு கடைசி பஸ் போய்விடும் என்று யாரிடமோ சொல்லிவிட்டு, இவன் பக்கம் திரும்பாமல் ரோட்டில் இறங்கி நடந்தாள். உழவுக் காட்டில் நடப்பதைப் போலவே சின்னச் சின்ன எட்டாக வைத்து நடந்தாள்.